நான் சொன்ன எடுத்துக்காட்டும் நாற்காலி வரியும்

அன்பு மைத்துனரும் நகர மன்ற உறுப்பினரும் நிதிக் குழுவின் மதிப்புக்குரிய அங்கத்தினருமான உங்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் உடல்நலத்தோடு நின்றுகொண்டிருக்கிறோம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை அழகுக்காக எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒன்பது நாளாக உட்கார எதுவும் இல்லை. சமையலறை ஜன்னல் திட்டில் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து கீழே இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று கொத்தனார் திட்டைச் சரிவாகக் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை நேரில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். நேற்று மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் உங்கள் மனைவி, “அவர் குளிச்சிட்டிருக்கார் அண்ணா” என்றார். வாக்கெடுப்பு வாரத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் இப்படிக் குளிப்பதால்தான் நகரத்தின் குடிநீர்க் கணக்கில் பற்றாக்குறை வருகிறதோ என்று ஓர் ஐயம் எனக்கு உண்டு. அது போகட்டும். இது அலுவல் விஷயம் என்பதால் கடிதம் முழுவதும் ‘நீங்கள்’ என்றே எழுதத் தீர்மானித்திருக்கிறேன். இடையில் எங்காவது ‘நீ’ வந்துவிட்டால் அது அத்தான் எழுதியது, குடிமகன் எழுதியதல்ல என்று கொள்ளவும்.

போன மாதம் நகரத்தின் வரவு செலவுத் திட்டம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் நடத்தினீர்களே, அதற்கு நான் போயிருக்கவே கூடாது. வீட்டில் சும்மா இருக்கிறோமே, மின்விசிறியாவது நன்றாகச் சுற்றும் என்று போனேன். நிதி அதிகாரி திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். அதை ஆறு துண்டாக வெட்டி ஐந்துக்கு வண்ணம் அடித்திருந்தார்கள். சாக்கடை ஒன்று, தெருவிளக்கு ஒன்று, குப்பை வண்டி ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வெள்ளையாக இருந்த ஆறாவது துண்டில் குச்சியை வைத்து, “இதுதான் நம்மகிட்ட இல்லாதது” என்றார். அந்தத் துண்டை நிரப்ப உள்ளூர்க் கடைகளுக்கு வரி போட வேண்டும் என்று ஒரு கட்சி, போட்டால் கடைகள் செத்துவிடும் என்று இன்னொரு கட்சி. பெரிய கடைக்கு அதிகம், சின்னக் கடைக்குக் குறைவு என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எது பெரிய கடை என்று கேட்டவுடன் மண்டபத்தில் ஒருவர்கூடப் பெரியவர் இல்லை. நாள்தோறும் லாரி லாரியாகச் சரக்கு இறக்கும் இரும்புக் கடை முதலாளி எழுந்து, “எனக்கு வியாபாரமே இல்லீங்க, பழக்க தோஷத்துக்குக் கடையைத் திறந்து வெச்சிருக்கேன்” என்று கண்ணைத் துடைத்தார். அதிகாரி சிரிக்காமல், “நம்ம ஊர் வியாபாரிங்க காட்டுற வருமானத்தைக் கூட்டிப் பார்த்தா, நாமதான் அவங்களுக்கு உதவித்தொகை குடுக்கணும்” என்றார்.

அந்த நேரத்தில்தான் என் கை தானாக மேலே போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கையைத் தூக்கச் சொல்லியே பழகியவன், தூக்கிப் பார்க்க ஓர் ஆசை. ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் மணி அடிக்கும் என்றார்கள். நான் சொன்னேன்: “ஒரு கடை பெரிதா சிறிதா என்று அளக்க, கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்று வேண்டும். எடுத்துக்காட்டாக, முடிதிருத்தும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாற்காலி உள்ள கடைக்கு ஒற்றை நாற்காலிக் கடையைவிட அதிகம் பேர் வருவார்கள். வருமானத்தை மறைக்கலாம். நாற்காலியை எங்கே மறைப்பது?” மண்டபமே கைதட்டியது. என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு வகுப்புகூட எனக்குக் கைதட்டியதில்லை. அந்தக் கிறக்கத்தில் அரை நிமிடம் போய்விட்டது. பிறகு, “ஆனால்” என்று தொடங்கினேன். ‘ஆனால் இந்த அளவை இரும்புக் கடைக்குப் பொருந்தாது, ஆகவே ஒரே அளவையை எல்லாத் தொழிலுக்கும் வைப்பது பெருந்தவறு’ என்பதுதான் நான் சொல்ல வந்த பாடம். “ஆனால்” என்றதும் மணி அடித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கொள்கை. வேறு எவனாக இருந்தாலும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கத்திவிட்டுப் போயிருப்பான். இந்த நகரத்தின் நிதிநிலை என் ஒழுக்கத்தால் கெட்டது.

இரண்டு வாரத்தில் வரைவுத் திட்டம் வந்தது. ‘இருக்கை வரி. ஓய்வுபெற்ற கல்வியாளர் ஒருவரின் ஆலோசனையின்படி.’ எடுத்துக்காட்டை விடை என்று எழுதிக்கொள்ளும் மாணவனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சுழியம் போட்டிருக்கிறேன். அவனை நிதி அதிகாரி ஆக்குவார்கள் என்று யார் கண்டார்கள்? அதற்குமேல் விளக்கம் வேறு: ‘வணிகம் நடக்கும் இடத்திலோ அதனோடு சேர்ந்த வீட்டிலோ, ஒருவர் உட்காரத்தக்க எந்தப் பொருளும் இருக்கை எனப்படும்.’

உங்கள் அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்துவது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு தையல் இயந்திரம், பன்னிரண்டு முக்காலி. அதனோடு சேர்ந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலி, மூவர் அமரும் சோபா, என் சாய்வு நாற்காலி, குளியலறையில் ஒரு பலகை. ஆக இருபத்தொன்று. இரும்புக் கடையில் ஒரே ஒரு முக்காலி. அதிலும் பூனை படுத்திருக்கிறது. ஆக, சட்டையில் காஜா எடுக்கக் கற்றுத்தரும் உன் அக்கா, ஊருக்கே கம்பி விற்பவரைவிட இருபத்தொரு மடங்கு பெரிய முதலாளி. வரைவை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஃபீஸை ஏத்தினா பாதிப் பேர் நின்னுடுவாங்க. ஏத்தலைன்னா வகுப்பை மூடணும். மூடிட்டு நான் என்ன பண்றது? தினமும் உங்க எதிர்ல உட்கார்ந்து எடுத்துக்காட்டு கேக்கவா?” என்றாள். அதன் பிறகு என்னிடம் நேரடியாகப் பேசவில்லை. “இங்க ஒருத்தர் சாப்பிட வரலாம்” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நான் போய் நின்று சாப்பிடுகிறேன்.

நிற்பதற்குக் காரணம் இதுதான்: வாக்கெடுப்புக்கு முன்பே இருக்கைக் கணக்கு கையில் வேண்டுமாம், வரி ஆய்வாளர் எண்ண வருவதற்குள் வீட்டிலிருந்த இருக்கை அனைத்தையும் அவள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஓட்டுநரிடம் அனுப்பிவிட்டாள். அவர் வீடு இப்போது நாடக அரங்கு மாதிரி இருக்கிறது. இங்கே வகுப்புப் பெண்கள் இரண்டு நாள் நின்றே தைத்துப் பார்த்தார்கள். ஒரு காலில் நின்று இன்னொரு காலால் மிதிக்க வேண்டும். முன்னறையில் பன்னிரண்டு கொக்கு. மூன்றாம் நாள் ஒருத்தி சட்டைக்கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் தைத்துவிட்டாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் வந்து, “வாளியும் உட்காரத்தக்க பொருள்தானேம்மா?” என்று கேட்க, உன் அக்கா, “அப்போ உங்க வண்டியும் உட்காரத்தக்கதுதானே, அதை எங்க வாசல்ல ஏன் நிறுத்தினீங்க? அதையும் எங்க கணக்குல சேர்ப்பீங்களா?” என்றாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாளை மறுநாள் திரும்ப வருவாராம், நடந்து.

எங்கள் தெருவை இப்போது நீ பார்க்க வேண்டும். தெரு முழுக்க ஏதோ கண்ணுக்குத் தெரியாத பெரிய மனிதர் போகிறார் போலிருக்கிறது, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பல் மருத்துவர் தன் நாற்காலியை ‘படுக்கை’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அதை மெய்ப்பிக்க நோயாளிகளைத் தட்டையாகப் படுக்கவைத்துப் பல் பிடுங்குகிறார். வாயைக் கொப்பளித்தால் காதுக்குள் போகிறது. தேநீர்க் கடைதான் பெரிய கூத்து. அங்கே இருப்பது பெஞ்சு. பெஞ்சு என்பது எத்தனை இருக்கை? ஆட்களை உட்காரவைத்து எண்ணுவதுதான் முறை என்று மேலிடத்து உத்தரவாம். தேநீர்க் கடைக்காரர் லேசுப்பட்டவரா? எங்கள் தெருவில் ‘பீப்பாய்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அரிசி மண்டிக்காரரையும் அவருடைய இரண்டு தம்பிகளையும் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

“என்னய்யா இது, ஆறு பேர் உட்கார்ற பெஞ்சுல ரெண்டு பேர்தான் உட்கார்ந்திருக்காங்க?” என்றார் ஆய்வாளர்.

“மூணாவது ஆளுக்கு இடமில்லீங்களே. நிக்குறார் பாருங்க பாவம்.”

“கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்லு.”

“இதுக்குமேல நெருங்கினா பெஞ்சு தாங்காதுங்க. அப்புறம் அதைப் பலகைன்னு எழுதணும்.”

‘இரண்டு இருக்கை’ என்று பதிவாயிற்று. அன்றிலிருந்து பீப்பாய்க்குத் தெருவில் ஏகப்பட்ட மதிப்பு. எந்தக் கடைக்கு ஆய்வாளர் வந்தாலும் ஆள் அனுப்பிவிடுகிறார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அரிசி மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார். நல்ல வேளை, நான் எடுத்துக்காட்டு எதுவும் சொல்லவில்லை.

ஏனென்றால், அதற்குள் எனக்குப் போதுமான அளவு பட்டிருந்தது. தவறு என்னுடையது, அதைத் திருத்த வேண்டியதும் நான்தான் என்று நிதி அதிகாரியை அவர் அலுவலகத்திலேயே போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரச் சொன்னார். ஒன்பது நாளில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். அரசு நாற்காலிக்கு வரி கிடையாதாம். மணி அடிக்காத இடமாயிற்றே என்று ‘ஆனால்’ என்பதிலிருந்து நிதானமாகத் தொடர்ந்தேன்.

“ஐயா, நான் சொன்னது வெறும் எடுத்துக்காட்டு. எல்லாக் கடைக்கும் அது பொருந்தாது. இரும்புக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு முக்காலிதான். ஆனால் வாசல் லாரி நுழையும் அகலம்.”

அவர் கண் விரிந்தது. “சார், ஒரு நிமிஷம். வாசல் அகலம்... எத்தனை அடின்னு அளந்தா போதும், இல்லையா?” என்று எழுதத் தொடங்கினார்.

“ஐயோ, இதுவும் எடுத்துக்காட்டுதான்! அளப்பதென்றால் எதைத்தான் அளக்க முடியாது? எத்தனை விளக்கு எரிகிறது என்றுகூட எண்ணலாமே!”

அவர் அடுத்த அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏம்மா, ‘விளக்கு’ன்னு இன்னொரு தலைப்பு போட்டு வைம்மா.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “மூணு வருஷமா ஆள் வெச்சு யோசிச்சோம் சார். ஒண்ணும் தேறலை. நீங்க வந்து உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு குடுத்துட்டீங்க. வாரம் ஒரு தரம் வந்துட்டுப் போங்களேன்.”

நான் ஓடிவந்துவிட்டேன். நான் வீடு சேருவதற்கு முன்பே செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. மாலையில் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். உள்ளே வரச் சொல்லி உட்காரச் சொல்லவும் வழியில்லை. முடிதிருத்துபவர்தான் தலைவர். “சார், நாங்க உங்க மேல மரியாதை வெச்சிருக்கோம். ஒண்ணே ஒண்ணு கேக்குறோம். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் யார்கிட்டயும் எதுக்கும் எடுத்துக்காட்டு சொல்லாதீங்க” என்றார். சத்தியமும் வாங்கிக்கொண்டார். அத்துடன் விட்டாரா? மறுநாள் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். நிறுத்திவைத்து வெட்டினார். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் வந்தபோது, “ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்துல சதவீதம் எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?” என்றார் சாதாரணமாக. நான் ஏமாந்து, “எடுத்துக்காட்டாக, ஒரு கடையில் நூறு...” என்றேன். கத்திரிக்கோலை வைத்துவிட்டார். “பாத்தீங்களா! மீதி வியாழக்கிழமைக்கு அப்புறம்.” இப்போது என் தலையில் ஒரு பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இன்னொரு பக்கம் வீட்டை விட்டு ஓடிப்போன கவிஞரும் இருக்கிறார்கள்.

சிரித்தாயிற்றா? இனிச் சிரிப்பதற்கில்லை, கேள். மன்றத்தில் இருபத்தொரு பேர். பத்துப் பேர் வரி வேண்டும் என்கிறார்கள், பத்துப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நீ ஒருவன்தான் குளித்துக்கொண்டிருக்கிறாய். சாக்கடைக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருச் சாக்கடையின் மணம் இந்த ஜன்னல்வரை வருகிறது. கடைகள் வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் ஆள் உட்காரும் கடைக்கு வரி, ஆள் நிற்கும் கடைக்கு விலக்கு என்பது என்ன கணக்கு? நின்று வாங்குபவன் லட்சத்துக்கு வாங்கிப் போகிறான். உட்காருபவன் தேநீர் குடிக்கவும் முடிவெட்டவும் தைக்கக் கற்கவும் உட்காருகிறான். காசு குறைந்த இடத்தில்தானப்பா நாற்காலி அதிகம். இதை நான் அன்று சொல்லியிருப்பேன், மணி அடித்துவிட்டது.

உன் அக்காவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்தவரை அவள் என் மணிக்கு ஓடினாள். காலையில் என் மணிக்குச் சோறு, மாலையில் என் மணிக்குத் தேநீர். நான் ஓய்வுபெற்ற மாதம், “இனி எனக்கு ஒரு மணி வெச்சுக்கறேன்” என்று முதல் இயந்திரத்தை வாங்கினாள். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் வந்த நடத்துனர் மனைவி இன்று ஒரு பள்ளிக்கே சீருடை தைக்கிறாள். பிள்ளைகளுக்கு அளவு எடுக்கும்போது, “எங்க டீச்சர் சொல்லிக்கொடுத்தது” என்கிறாளாம். இந்தத் தெருவில் இப்போது டீச்சர் என்றால் அவள்தான். நான் டீச்சர் வீட்டுக்காரர். எனக்கு அதில் வருத்தமே இல்லை. முப்பத்தைந்து ஆண்டு நான் சொன்ன எடுத்துக்காட்டுகளில் எத்தனை பிழைத்தன என்று எனக்குத் தெரியாது. அவள் தைத்துக் காட்டியவை தெருவில் நடந்துபோகின்றன. அந்த வகுப்பு என் வாயால் மூடப்பட்டது என்ற பெயரோடு நான் இந்த வீட்டில் எப்படி... உட்கார என்று எழுத வந்தேன், எப்படி இருக்க?

ஆகவே மைத்துனா, வியாழக்கிழமை அந்த வரி வேண்டாம் என்று கையைத் தூக்கு. காரணம் கேட்டால், அதைச் சொன்ன கிழவனே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டான் என்று சொல். மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிடு. மணி அடித்தாலும் உட்காராதே.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் கண்ணும் கருத்துமாகப் படித்து, எடுத்துக்காட்டுக்கும் விடைக்கும் வேறுபாடு தெரிந்தவர்களாக வளர வாழ்த்துகிறேன். தங்கள் பதவியும் புகழும் குறைவின்றி ஓங்கட்டும். இந்தத் தலையோடு தபால் பெட்டிவரை போக முடியாததால் கடிதத்தை உங்கள் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கால் வலியுடனும் மாறா அன்புடனும்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு:

தம்பி, இது அக்கா. உன் அத்தான் கடிதத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி எச்சில் சரியா தடவமாட்டார், தானா திறந்துக்கிச்சு. படிச்சேன். ரெண்டு இடத்துல எனக்கே அழுகை வந்துது, அதை அவர்கிட்ட சொல்லாதே. அவர் எழுதினது எல்லாம் நியாயம்தான். ஆனா அதன்படி செஞ்சிடாதே. வரி வேணும்னு ஓட்டு போடு.

அந்த வரைவோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. எதையாவது சொல்லிக்கொடுக்கிற இடத்துல உள்ள இருக்கைக்கு வரி கிடையாது. அவர் முதல் பக்கத்துப் பிழைகளைத் திருத்தறதோட களைச்சுப்போயிட்டார், அதுவரை போகலை. நான் போனேன். திங்கட்கிழமை வகுப்பைத் தையல் பள்ளின்னு பதிஞ்சாச்சு. தலைமையாசிரியர் கையெழுத்து வேணும்னாங்க. உன் அத்தான் பேரையே எழுதி, தாளை அவர் முன்னால நீட்டினேன், எதுக்குன்னு கேக்காமலே போட்டார். இப்ப என்மேல அவ்வளவு பயம், அது கொஞ்ச நாள் இருக்கட்டும். நேத்து சான்றிதழ் வந்துது. முக்காலி எல்லாம் நாளைக்கு வீட்டுக்கு வருது. தெருவுல உட்கார வேற இடமே இல்லாததால ஒரே நாள்ல பத்தொன்பது பேர் புதுசா சேர்ந்திருக்காங்க. அதுல ஏழு பேர் ஆம்பளைங்க. கால் வலிதான் காரணம், ஆனா ரெண்டு பேர் பொத்தான் நல்லாவே தைக்கிறாங்க.

இதை முடிதிருத்துறவர்கிட்ட மட்டும் ரகசியமா சொன்னேன். ரகசியம்னா அவருக்கு எப்படின்னு உனக்குத் தெரியும். அவர் கடை இப்ப முடிதிருத்தும் கல்லூரி. போய் உட்கார்றவன் எல்லாம் இருபது நிமிஷ மாணவன். தேநீர்க் கடை, சமையல் பயிற்சி நிலையம். பல் மருத்துவர் ஆராய்ச்சி மையம்னு பலகை மாட்டிட்டார். இரும்புக் கடைக்காரர் ஒருத்தர்தான் பாக்கி. பூனைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறதுன்னு யோசிச்சிட்டிருக்கார்.

இதுல எதையும் உன் அத்தான்கிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா உடனே அந்த அதிகாரிகிட்டப் போய், ‘எடுத்துக்காட்டாக, ஒரு முடிதிருத்தும் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள்’னு ஆரம்பிச்சிடுவார்.

நல்லா யோசிச்சுப் பாரு. இந்த வரி தோத்தா, அடுத்த மாசமே வாசலுக்கோ விளக்குக்கோ ஒண்ணு கொண்டுவருவாங்க. அதை நாங்க கட்டித் தொலைக்கணும். இது ஜெயிச்சா, ஊர் முழுக்க ஒரே படிப்பு, ஒருத்தரும் ஒண்ணும் கட்ட வேண்டாம். இப்படி ஒரு வரி திரும்பக் கிடைக்குமா? கையை நல்லா உயர்த்தித் தூக்கு.